பழுப்பு ஏறும் நேரம்

...பழுப்பு சுத்தமாக வராமல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, லேசாக ஏறினால் ஏறட்டும், கெட்டியாக ஏறாமல் இருந்தால் போதும், என்று ராம்கி ஈரப்பெட்டியின் மூடியைப் பார்த்தபடி நின்றான். மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே உள்ள ஈரம் போய்விடும், கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் சதை கெட்டுவிடும், புதிதாக வருகிற பயிற்சிப் பெண்களுக்கு அவனே இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான், ஆனாலும் இன்றைக்குக் கை அடிக்கடி மூடிவரை போய்த் திரும்பியது. உள்ளே ஸ்லைடுகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் யாரோ ஒருவருடைய உணவுக்குழாயில் கிள்ளியெடுத்த சதை, மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவியது. பெயர் கிடையாது, எண் மட்டும். பெயர் தெரிந்தால் பார்க்கிறவன் கண் ஒரு பக்கம் சாயும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். யாருடைய எண் எது என்று இங்கே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் வரிசையில் கடைசியாகக் கிடந்த எண் யாருடையது என்று ராம்கிக்குத் தெரியும். எண்டோஸ்கோபி அறையிலிருந்து அந்தச் சின்னக் குப்பியை வாங்கி வந்ததே அவன்தான். ஃபார்மலினில் மிதந்துகொண்டிருந்தது, கடுகளவு, வெளிறிப்போய்... இது பாமா அக்காவா என்று அன்றைக்குக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அக்காவுக்கு எவ்வளவு பெரிய குரல். அந்தக் குரல் புறப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழேதானே இதைக் கிள்ளியிருக்கிறார்கள்.

பழுப்பு என்பது வேறொன்றுமில்லை, ஒரு சாயம். அது எங்கே ஏறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உயிரணுவின் சுவரில் ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது, நீளமான பெயர், இந்த ஆய்வகத்தில் எல்லோரும் பம்ப் என்றுதான் சொல்வார்கள். உள்ளே வருகிற விஷத்தை வெளியே இறைப்பது அதன் வேலை. நல்ல உடம்பில் அது நல்ல வேலை. புற்றணு அதை அளவுக்கு மீறிச் செய்து வைத்துக்கொண்டால் கதை மாறிவிடுகிறது. கீமோவும் விஷம்தானே, அது உள்ளே போகப் போக இது வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும், பெருமழை பெய்தால் ஜீவனஹள்ளித் தாழ்வான வீடுகளில் வாசற்படியில் நின்று குடத்தால் இறைப்பார்களே, அந்த மாதிரி. தலைமயிர் கொட்டும், வாந்தி வரும், உடம்பு நாராகும், எல்லாம் நடக்கும், கட்டி மட்டும் அப்படியே இருக்கும். இப்படி இறைக்கிற கட்டிகள் சீக்கிரம் பரவவும் செய்கின்றனவா, நிணநீர்க் கணுக்களுக்கும் ஈரலுக்கும் முதலில் கிளம்புகிறவை இவைதானா என்பதுதான் டாக்டர் சுந்தரமூர்த்தி நடத்துகிற ஆய்வு. அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் சதைமேல் விட்டால் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் பழுப்பு ஏறும், ஒட்டாத இடம் நீலமாக இருக்கும். நிறையப் புரதம், நிறையப் பழுப்பு. ராம்கி எத்தனையோ தொண்டைகளைப் பழுப்பாக்கியிருக்கிறான். கெட்டியாக ஏறினால் சந்தோஷமாகக்கூட இருக்கும், எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது பார் என்று கூட வேலை பார்க்கும் நோயலைக் கூப்பிட்டுக் காட்டுவான். அந்தத் தொண்டைக்காரர்கள் என்ன ஆனார்கள்? கேட்டதில்லை. அது தன் வேலை இல்லை என்று இருந்தான்.

முதலில் அக்காவின் சோற்றில் ரசம் கூடிக்கொண்டே போனது. பிறகு சப்பாத்தியை விட்டாள். பிறகு தோசையில் முறுகலான இடத்தைப் பிய்த்து அத்திம்பேர் தட்டில் போட்டுவிட்டு நடுவை மட்டும் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றாள். அத்திம்பேர் ரங்கா, பல்லு போன கிழவியாயிட்டே என்று சிரித்தார், அக்காவும் சிரித்தாள், ராம்கியும் சிரித்தான். தாத்தா காலத்திலிருந்து மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்து மெதுவாகப் பேசிப் பழகிய குடும்பத்தில் அக்கா ஒருத்திதான் கத்திப் பேசுகிறவள். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறாள், மைக் எதற்கு என்பாள். அந்தக் குரல் கரகரத்தபோதுதான் டாக்டரிடம் போனார்கள். எண்டோஸ்கோபி படத்தை ராம்கி பார்த்தான், வேலை நிமித்தமாக நூறு பார்த்திருக்கிறான், இது ஒன்றும் வித்தியாசமாக இல்லை, வித்தியாசமாக இருக்க வேண்டாமா, பாமா அக்காவாச்சே... அன்றிலிருந்து அவனுக்கு எச்சில் விழுங்குவது ஒரு வேலையாகிவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு விழுங்கிப் பார்ப்பான். இறங்கிற்றா? இறங்கிற்று. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஏதோ நின்ற மாதிரி இல்லை? மறுபடி விழுங்குவான். விழுங்க விழுங்க எச்சில் வற்றும், வற்றின பிறகு விழுங்கினால் உண்மையாகவே நிற்கும், அப்போது வியர்க்கும். பக்கத்து சீட்டில் ஒருவன் வேர்க்கடலையைக் கை நிறைய வாயில் போட்டு மென்று விழுங்குவதை வெறித்துப் பார்த்திருக்கிறான். எவ்வளவு அலட்சியமாக விழுங்குகிறான். ஒரு தொண்டைக்குள் என்னென்ன இருக்கிறது என்று இவனுக்குத் தெரியுமா? தெரியாததால்தான் விழுங்குகிறான்.

ஆபரேஷனா, கீமோவா என்பது நூல் பிடித்த மாதிரி நடுவில் நிற்கிறது என்று போன வாரமே டாக்டர் சுந்தரமூர்த்தி சொன்னார். கட்டியின் அளவு அப்படி. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு வெட்டலாம், மருந்து கேட்டால் அதுதான் நல்லது. மருந்து கேட்காவிட்டால் அந்த மாதங்கள் முழுக்க வீண், வீண்கூட இல்லை, அது பரவுவதற்கு நாமே கொடுத்த அவகாசம். நேராக ஆபரேஷன் என்றால் மார்பைத் திறந்து, உணவுக்குழாயை எடுத்துவிட்டு, வயிற்றையே குழாய் மாதிரித் தைத்துக் கழுத்துவரை இழுத்து வைப்பார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. ஆய்வு முடிந்து நிரூபணமான விஷயம் இல்லை, ஆனால் தராசு இப்படி நடுவில் நிற்கும்போது பம்ப் எப்படி இருக்கிறது என்று ஒரு கண் பார்த்துவிடுகிறேன், கெட்டியாக இருந்தால் கீமோவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு, இதை நீ செய்யாதே, நோயல் செய்யட்டும் என்றும் சொன்னார். நோயல் லிங்கராஜபுரத்துப் பையன், ராம்கியோடு இதே மேஜையில் வேலை பார்க்கிறவன், வாய் ஓயாது, யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான், கை மட்டும் கொஞ்சம் முரடு. இன்று காலை அவனும் வந்து, "குரு, இத்த நான் பண்றேன். நீ கீழ போய் காபி அடிச்சுட்டு வா, ஒரு நாள் வேல செய்யலன்னா கவர்ன்மென்ட் கவுந்துடாது," என்றான். ராம்கி விடவில்லை. நீ தொட்டால் சதை மடியும், இருக்கிறதே கடுகளவு, மடிந்தால் மறுபடி எங்கே போவது என்று கேட்டான். அது உண்மைதான். உண்மையில் பாதி. மீதியை அவன் யோசிக்கவில்லை. ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவன், விட்ட பிறகு இரவெல்லாம் கால்சென்டரில் விழித்து அமெரிக்காக்காரர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டுப் பிழைத்தவன், உருப்படியாக அவனிடம் மிச்சம் இருக்கிறது இந்தக் கை ஒன்றுதான், அதையும் அக்கா விஷயத்தில் நம்ப வேண்டாம் என்றால்... அக்காவே நேற்று என்ன சொன்னாள்? "என்ன கலர் வர்றதுன்னு பாத்துச் சொல்லுடா. மேட்ச்சிங் பிளவுஸ் தைச்சுக்கறேன்." அம்ருதா, அக்காவின் மகள், தட்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா மிக்ஸியில் அடித்த கஞ்சியைக் கரண்டியில் தூக்கிப் பார்த்து, போஸ்டர் ஒட்டற பசை மாதிரி இருக்கு என்று அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

மணி அடித்தது. பெட்டியைத் திறந்தான், கழுவினான், அடுத்த திரவத்தை விட்டான், காத்திருந்தான், மறுபடி கழுவினான், கை தன்பாட்டுக்கு நடந்தது, நன்றாகத்தான் நடந்தது. சாயத்தைக் கலந்தான். கடைசி வேலை இதுதான். வரிசையின் முதலில் கன்ட்ரோல் ஸ்லைடு, அதில் பழுப்பு வந்தே தீர வேண்டும் என்று தெரிந்த சதை, அது வந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். முதல் ஸ்லைடு தொடங்கிக் கடைசிவரை ஒரே அளவு சொட்டு, ஒரே அளவு நேரம், மணி அடித்ததும் வரிசையாகத் தண்ணீர், தண்ணீர் பட்டதும் நிறம் ஏறுவது நின்றுவிடும், இதில் ஒரு மயிரளவு பிசகினாலும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. சொட்டு விட்டான். டைமரைத் திருகினான். நோயல் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் ஜாடிகளைத் தேய்த்தபடி, எதிர்த்த வீட்டுக்காரன் வாங்கிய சேவல் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் காரின்மேல் ஏறி நின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ராம்கி கடைசி ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தான். எடுத்துப் பார்ப்பது தப்பில்லை, எல்லோரும் பார்ப்பதுதான். முதலில் ஒன்றும் இல்லை, வெறும் கண்ணாடி மாதிரி, மேகம் மாதிரி, அப்புறம் உயிரணுக்களின் விளிம்பு தெரிந்தது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒழுங்கில்லாமல், பெரிசும் சிறிசுமாக, இதுவா, இதுதானா நீ, எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறாய், அவள் எங்கள் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது அங்கே இருந்தாயா... அப்போது விளிம்பில் ஏதோ மாறியது. பழுப்பு என்று சொல்ல முடியாது. வெள்ளைத் துணியில் டீ பட்டுத் துவைத்த பிறகு இருக்குமே, ஒரு சந்தேகம், அவ்வளவுதான். அது சந்தேகமா, ஏறப்போகிறதா, இல்லை அவன் கண்தான் பூத்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் பார்த்தால் தெரிந்துவிடும், இன்னும் கொஞ்சம்... ஸ்லைடு தண்ணீரில் இருந்தது. அவன்தான் போட்டான். போட்டதாக ஞாபகம் இல்லை, ஆனால் விரல் நுனியில் கையுறை நனைந்திருந்தது, டைமர் இன்னும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது, மற்றவர்கள் எல்லோரும் சாயத்தடியில் படுத்துக்கொண்டு மெதுவாகப் பழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீலச் சாயம் கொடுத்து, மூடி ஒட்டி, வைத்துப் பார்த்தபோது நீலமாகத்தான் இருந்தது. அங்கங்கே லேசான பழுப்பு, பழுப்பென்று பிடிவாதம் பிடித்தால் பழுப்பு. கன்ட்ரோல் ஸ்லைடு காப்பிக் கொட்டை நிறத்தில் ஜொலித்தது. ராம்கி ஸ்டூலில் உட்கார்ந்தான். மருந்து கேட்கும். அக்காவுக்கு மருந்து கேட்கும், கட்டி சுருங்கும், கத்திப் பேசுவாள். எச்சில் விழுங்கினான், வழுக்கிக்கொண்டு போயிற்று, அடடா, இத்தனை நாளில் இப்படிப் போனதே இல்லை. சாயம் இன்றைக்குப் புதிது, வேகம் அதிகம், அவ்வளவு நேரமே போதுமாக இருந்திருக்கும். கன்ட்ரோலில் சொட்டு விட்ட உடனே ஏறவில்லையா? ஏறியதா? பார்க்கவில்லையே. இதில் ஏற வேண்டியது இருந்திருந்தால் அதற்குள் ஏறியிருக்கும். ஏறியிருக்காதா? வேறு யாராவது ஒரு பயிற்சிப் பெண் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் அவளை என்ன சொல்லியிருப்பான்? குப்பையில் போடு என்றிருப்பான். யோசிக்கக்கூட மாட்டான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்த எண் வெறும் எண்தானே. இவனுக்கும் மற்ற எண்கள் எல்லாம்... சரி, விடு. நீலம் நீலம்தான். கண்ணால் பார்க்கிறது நீலமாக இருக்கிறது.

டாக்டர் சுந்தரமூர்த்தி மதியம் சாப்பிட்ட கை ஈரத்தைக் கைக்குட்டையில் துடைத்தபடி வந்தார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மைக்ரோஸ்கோப் அது, அவர் ஒரு பக்கம், ராம்கி எதிர்ப்பக்கம், நடுவில் வெளிச்சத்தில் அக்கா. அவர் மெதுவாக நகர்த்திப் பார்த்தார், மூக்கால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ராம்கி தன் பக்கத்துக் கண்ணாடியில் கண்ணை வைத்திருந்தானே தவிர மூடிக்கொண்டிருந்தான். கன்ட்ரோல் சரியாக வந்ததா என்று கேட்டார். வந்தது சார் என்றான். பொய் இல்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். கேட்காத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? பழுப்பு வீக்காகத்தான் இருக்கிறது, நல்ல விஷயம், அப்படியானால் கீமோவையே முதலில் ஆரம்பித்துவிடலாம், வார்டில் படுக்கைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தவர், போகிற போக்கில் அவன் தோளைத் தட்டினார். தட்டிய இடம் வெகுநேரம் எரிந்தது. பம்ப் அங்கே இருந்தால்? நீலச் சாயத்துக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் வரிசையாக உட்கார்ந்துகொண்டு இருந்தால்? திங்களோ செவ்வாயோ அக்கா கையில் ஊசி ஏற்றுவார்கள், சொட்டுச் சொட்டாக உள்ளே போகும், உள்ளே குடத்தால் இறைத்துக்கொண்டே இருக்கும், அவள் ஜோக் அடித்துக்கொண்டே வாந்தி எடுப்பாள், அது ஒரு பக்கம் மெதுவாகக் கிளம்பி ஈரலுக்குப் போகும். யார் அனுப்பியது? இவன் பார்த்து, இதோ கதவு திறந்திருக்கிறது போ என்று அனுப்பியது. ஆனால் இல்லாமலும் இருக்கலாமே. உண்மையாகவே நீலமாக இருக்கலாமே. தெரியாது. தெரிந்துவிடும் என்றுதானே எடுத்தாய், இப்போது தெரியாது என்பதை வைத்துக்கொண்டு அழு.

அப்போது ஆய்வக போன் அடித்தது, நோயல் எடுத்து, உங்க அக்கா என்று நீட்டினான். அக்கா எடுத்தவுடன், "ஊட்ட ஆயித்தா?" என்றாள். சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடத்தில் கேட்டுத்தான் அவள் யாரிடமும் பேச்சை ஆரம்பிப்பாள், பிறந்த ஊர் வழக்கம், சாப்பிட முடியாமல் போன பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆச்சு என்றான், ஆகவில்லை. குரல் உடைந்த மூங்கில் மாதிரி இருந்தது, வார்த்தைகளுக்கு நடுவே நின்று நின்று வந்தது.

"என்னடா ஆச்சு? பாத்தாச்சா?"

"பாத்தாச்சு அக்கா. டாக்டரும் பாத்துட்டார். நீலமாத்தான் இருக்கு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"நீயே பண்ணினியா, அந்த நோயலா?"

"நானேதான்."

"அப்ப சரி," என்றாள் அக்கா. அவளுக்குப் பின்னால் குக்கர் சத்தமோ மழைச் சத்தமோ ஏதோ கேட்டது. "வேற யார் சொல்லியிருந்தாலும் இன்னொருத்தர்கிட்ட காட்டுங்கோன்னு உங்க அத்திம்பேர்கிட்ட சொல்லியிருப்பேன். பயமா இருந்ததுடா. கிண்டல் பண்ணிண்டு இருந்தேனே, பயமாத்தான் இருந்தது." வைத்துவிட்டாள். அக்கா பயம் என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொல்லி அவன் கேட்டதில்லை. சின்ன வயதில் வீட்டுக்குள் பாம்பு வந்தபோதுகூட எல்லோரையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டுத் துடைப்பத்தோடு நின்றவள். பயம் போன பிறகுதான் பயந்தேன் என்று சொல்கிறாள். போய்விட்டது என்று நினைத்துச் சொல்கிறாள். போகச் செய்தது யார்? ரிசீவர் கையிலேயே இருந்தது, அதில் நீளமாக ஒரே சத்தம் வந்துகொண்டிருந்தது, இந்தத் தடவை எச்சில் விழுங்கிப் பார்க்கவே தோன்றவில்லை.

அக்காவின் சதை பதித்த மெழுகு பிளாக்கை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பனிக்கட்டிமேல் கவிழ்த்து வைத்தான். நோயல் பார்த்தான். அதை ஏன் மறுபடி எடுக்கிறாய் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராம்கியே சொல்ல வேண்டியதாயிற்று, முன்னாடியே எடுத்துட்டேன், மணி அடிக்கறதுக்கு முன்னாடி. நோயல் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். சேவல் கதை எப்போது நின்றது என்று அப்போதுதான் ராம்கி யோசித்தான்.

"தெரியும் குரு. டைமர் அடிக்கல, தண்ணி சத்தம் கேட்டுச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீயே சொல்வேன்னு பாத்தேன். நாளிக்கி வரிக்கும் சொல்லலன்னா நானே டாக்டராண்ட போயிருப்பேன். நீ என்னிய ஜென்மத்துக்கும் திட்டினாலும் பரவால்ல." பிறகு, "உன் கை நல்ல கை குரு. இன்னிக்கு மட்டும் அது உன் கை இல்ல, தம்பி கை," என்றான். பிளாக்கை உற்றுப் பார்த்து, இருக்கிறது போதுமா என்று கேட்டான். போதும் போதாது என்று சொல்ல முடியாது. மெழுகுக்கடியில் சதை மங்கலாக, தேய்ந்த சோப்பில் ஒட்டிய முடி மாதிரி தெரிந்தது. இன்னும் ஓரிரு சீவல் வரலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அக்கா தொண்டைக்குள் மறுபடி குழாயை விட வேண்டும். ராம்கி சதையைச் சீவும் மைக்ரோடோமின் சக்கரத்தைச் சுற்றினான், மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினான், முதலில் வெறும் மெழுகு, பிறகு பொடிந்து போன ஒரு சீவல், பிறகு ஒன்று முழுதாக வந்து வெந்நீரில் விழுந்து விரிந்தது. கண்ணாடியை அடியில் கொடுத்துத் தூக்கினான். சீவல் மடியவில்லை. டாக்டரிடம் முதலில் சொல்லிவிட்டு வா என்றான் நோயல். போய்ச் சொன்னான். டாக்டர் சுந்தரமூர்த்தி திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், நோயல் சொட்டு விடட்டும், நீ தொடாதே, பார்ப்பதானால் பார் என்றார், வார்டுக்குப் போன் பண்ணி அந்தப் படுக்கையை இப்போதைக்கு நிறுத்தி வை என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, சாயங்கால மழை, ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. மறுபடி சூடு, மறுபடி மெழுகைக் கரைத்தல், ஸ்லைடைக் குக்கரில் வைத்து விசில் வரும்வரை வேகவைத்தல், கழுவல், ஆன்டிபாடி, ஈரப்பெட்டி, காத்திருப்பு, எல்லாம் நோயல் செய்தான், பரவாயில்லை, முரட்டுக் கைதான், ஆனால் இன்றைக்கு அவன் கண்ணாடியை முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான். சாயத்தைச் சொட்டினான். டைமரைத் திருகினான். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு நகர்ந்து கொண்டான். ராம்கி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்தான். காலையில் என்ன வேண்டினான்? நீலம். இப்போதும் அதைத்தானே வேண்ட வேண்டும்? நீலம் வந்தால் கீமோ, சுருங்கும், நல்லது. வேண்டிப் பார்த்தான், வரவில்லை, வார்த்தை வந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. நீலம் வந்தால் என்ன செய்வான்? போய்ப் படுப்பான், தூங்குவானா? சொட்டு சரியாக விழுந்ததா என்று எழுந்து உட்காருவான். ஆன்டிபாடி நேற்றே கெட்டுப் போயிருக்குமோ, சீவலில் நோய் இல்லாத பக்கம் வந்துவிட்டதோ, நோயல் என்மேல் இரக்கப்பட்டு எதையாவது... அக்கா ஒவ்வொரு தடவை கீமோ ஏற்றிக்கொள்ளும்போதும் இந்த நீலம் உண்மையான நீலமா என்று யோசித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். ஒரு தரம் தன் கையாலேயே நீலத்தைச் செய்து பார்த்தவன், இனி எந்த நீலத்தை நம்புவான்? பழுப்பு வந்தால் நம்புவான். பழுப்பை யாரும் பயத்தில் செய்ய முடியாது. பழுப்பு வந்தால் அது அக்காவுடையதுதான், மார்பைத் திறப்பார்கள், அவள் பயப்படுவாள், ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்து பயப்படுவாள்... விளிம்பில் ஏறத் தொடங்கியது. சதையின் ஓரம் யாருக்கும் அப்படித்தான் முதலில் நிறம் பிடிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது, நடுவைப் பார்க்க வேண்டும். நடு இன்னும் வெளிறித்தான் இருந்தது. அவன் கண்ணை எடுக்கவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே யாரோ, ஏறு, ஏறு என்று மெல்லச் சொன்னார்கள். நோயல் திரும்பிப் பார்த்தபோதுதான், சொன்னது தன் வாய் என்று ராம்கிக்குத் தெரிந்தது.